காரின் கம்பெனி ஸ்டீரியோவைக் கழற்றலாமா, ஸ்பீக்கரை மட்டும் மாற்றினால் போதுமா?

மார்த்தாண்டம்காரன்:
மக்களே, புதுக் கார் எடுத்து இன்னும் ஒரு வருஷம் ஆகவில்லை. 7 இஞ்ச் திரை, நான்கு கதவிலும் ஸ்பீக்கர், ட்வீட்டர் (கீச்சு ஒலிக்கான சின்ன ஸ்பீக்கர்) கிடையாது. மெதுவாக வைத்தால் குறையில்லை, ஆனால் ஆரல்வாய்மொழி காற்றில் போகும்போது சத்தத்தைக் கூட்டினால் பாட்டு கிழிகிறது, தவில் அடி தகரத்தில் தட்டுவது போலக் கேட்கிறது. நாகர்கோவிலில் ஒரு கடையில் விசாரித்தால், திரையைத் தூக்கிவிட்டு 9 இஞ்ச் ஆண்ட்ராய்டு செட் போடுங்கள், சேனலுக்கு, அதாவது ஒரு ஸ்பீக்கருக்கு, 50 வாட், அதுதான் வழி என்கிறார்கள். வாரண்டி போய்விடும் என்று அப்பா வேறு முறைக்கிறார். என்ன செய்யலாம்?

தக்கலை அண்ணன்:
திரையில் கை வைக்காதீர்கள் தம்பி. அந்த 50 வாட் எல்லாம் அட்டைப்பெட்டிக் கணக்கு. தனி ஆம்ப் (ஒலியைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபையர் பெட்டி) இல்லாத சாதாரண செட் எதுவானாலும், இன்ஜின் ஓடும்போது கிடைக்கிற 14 வோல்ட் சொச்சத்தை வைத்து 4 ஓம் ஸ்பீக்கருக்குச் சுத்தமாகக் கொடுக்க முடிவது 25 வாட்டைத் தாண்டாது, நடைமுறையில் 20 பக்கம்தான். அதற்கு மேல் திருகினால் அலையின் தலை வெட்டுப்படும், நீங்கள் சொல்லும் கிழிசல் பெரும்பாலும் அதுதான். கம்பெனி செட்டிலும் இதே கதை, கடைக்காரர் காட்டும் செட்டிலும் இதே கதை, அப்புறம் எதற்குக் காசைக் கொட்ட வேண்டும்? போதாததற்கு ரிவர்ஸ் கேமரா, ஸ்டியரிங் பட்டன், சில வண்டிகளில் கதவுப் பூட்டு செட்டிங் வரைக்கும் அந்தத் திரையோடு பிணைந்திருக்கும்.

முன் கதவு இரண்டையும் கவனியுங்கள். கம்பெனியில் வருவது பெரும்பாலும் சின்னக் காந்தம் வைத்த பேப்பர் கோன். அதை எடுத்துவிட்டு, ட்வீட்டர் தனியாக வரும் கம்பொனன்ட் செட் போட்டு, கதவுத் தகட்டில் அதிர்வை அடக்கும் டேம்பிங் ஷீட் ஒட்டச் சொல்லுங்கள். ஸ்பீக்கருக்குப் பெட்டியே கதவுதான், தகடு அதிர்ந்தால் பேஸ் அங்கேயே செத்துவிடும். பட்ஜெட்டில் பாதி டேம்பிங்குக்குப் போனாலும் நான் தப்பென்று சொல்ல மாட்டேன்.

குளச்சல் கடற்கரை:
டேம்பிங் சரி, ஒட்டுகிறவர் கையைப் பார்த்துக்கொள்ளுங்கள். நம்ம மாவட்டத்தில் ஆடிச் சாரலும் உண்டு, ஐப்பசி அடைமழையும் உண்டு. கண்ணாடி ஓரமாகக் கதவுக்குள் இறங்கும் தண்ணீர் அடியில் உள்ள ஓட்டைகள் வழியாகத்தான் வடியும், அதை ஷீட்டால் அடைத்துவிட்டால் கதவும் துருப்பிடிக்கும், புது ஸ்பீக்கரும் ஊறும். வயர் விஷயமும் அப்படித்தான்: அலுமினியத்துக்கு மேல் செம்பு பூசிய வயர் மலிவாகக் கிடைக்கும், உப்புக்காற்றில் முனை அரித்துப் பொடியாகிவிடும். முழுச் செம்பு கேளுங்கள். கம்பெனி வயரை வெட்ட விடவே வேண்டாம். மாடலுக்கு ஏற்ற கப்ளர் (வெட்டாமல் செருகும் இணைப்பு) போட்டால், வாரண்டி பேச்சு வரும்போது பழையதைத் திரும்ப மாட்டிவிடலாம்.

திங்கள்சந்தை:
ஆம்ப் இல்லாமல் எந்தக் கம்பொனன்ட் வாங்கினாலும் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள். சென்சிட்டிவிட்டி, அதாவது ஒரே வாட்டுக்கு எவ்வளவு சத்தம் வரும் என்று டெசிபலில் போட்டிருப்பதைப் பாருங்கள். 92 டெசிபல் ஸ்பீக்கர் தரும் அதே சத்தத்துக்கு 89 டெசிபல் ஸ்பீக்கர் இரண்டு மடங்கு வாட் கேட்கும். என் பழைய வண்டியில் செட்டையே மாற்றினேன், அது ப்ளூடூத் இல்லாத காலத்து வண்டி, அதற்கு அது நியாயம். உங்களுக்குத் தேவையில்லை.

மார்த்தாண்டம்காரன்:
சீட்டுக்கு அடியில் சின்ன ஆம்ப் ஒன்று வைத்தால்? கம்பெனி செட்டில் ஆர்சிஏ அவுட் (ஆம்புக்கு சிக்னல் கொடுக்கும் தனி சாக்கெட்) இல்லையே அண்ணே.

தக்கலை அண்ணன்:
ஆர்சிஏ வேண்டாம், ஸ்பீக்கர் வயரையே வாங்கிக்கொள்ளும் ஹை லெவல் இன்புட் உள்ள ஆம்ப் கேளுங்கள். பவர் வயர் பேட்டரியிலிருந்து நேராக வரட்டும், ஃபியூஸ் பேட்டரியிலிருந்து அரை மீட்டருக்குள் இருக்கட்டும். ஆம்பிலேயே ஃபியூஸ் இருக்கிறதே என்று கடையில் சொல்வார்கள், கேட்காதீர்கள். வயர் வழியில் உரசி பாடியில் பட்டால் தீப்பிடிக்காமல் காப்பது பேட்டரிப் பக்கத்து ஃபியூஸ்தான். கதவின் உள்பக்க ட்ரிம் அட்டையை மூடும் முன் கண்ணாடியை முழுக்க இறக்கி, ஸ்பீக்கர் காந்தத்தில் இடிக்கிறதா என்றும் பாருங்கள்.