புதுப்பிப்பு: ரீமேப் செய்த காரின் ஆறு மாதக் கதை

டர்போ ஸ்போர்ட்ஸ் காரின் இசியூவை (இன்ஜினை ஆட்டிவைக்கும் கணினி) ரீமேப் செய்து, அதாவது அதன் மென்பொருளை மாற்றி எழுதி, பூஸ்ட்டை (டர்போ உள்ளே தள்ளும் காற்றின் அழுத்தம்) ஏற்றலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். பாதிப் பேர் வேண்டாம் என்றீர்கள். கேட்கவில்லை, செய்துவிட்டேன்.

முதல் வாரம் சொர்க்கம். அப்புறம் ஒரு நாள் மேட்டில் நாலாவது கியரில் முழுதாக மிதித்தேன். ஆர்பிஎம் முள் சரசரவென்று ஏறுகிறது, வேகம் ஏறவில்லை, கூடவே கருகல் வாடை. கிளட்ச் வழுக்குகிறது. குதிரைத்திறனை விட டார்க்தான் (இன்ஜினின் திருப்புவிசை) கிளட்சைத் தின்னும் என்று ஒருவர் எழுதியிருந்தார். அவருக்கு ஒரு கும்பிடு.

வெயில் நாளில் இன்னொரு கூத்து. நாலைந்து முறை தொடர்ந்து விரட்டினால் இன்டர்கூலர் (டர்போவிலிருந்து வரும் காற்றைக் குளிர்விக்கும் பாகம்) சூடேறி, உள்ளே போகும் காற்றும் சூடாகிறது. நாக் (எரிபொருள் கட்டுப்பாடில்லாமல் தானாகப் பற்றுவது) வராமலிருக்க இசியூ இக்னிஷன் டைமிங்கை, அதாவது தீப்பொறி விடும் நேரத்தை, தாமதப்படுத்துகிறது. இசியூவின் பதிவை (லாக்) எடுத்துப் பார்த்தேன்: காசு கொடுத்து வாங்கிய பவர் அங்கேதான் கரைந்துகொண்டிருந்தது. இன்டர்கூலரை முதலில் மாற்றியிருக்க வேண்டும்.

வாரண்டி? பழைய மேப்பை (கம்பெனி கொடுத்த மென்பொருளை) இசியூவில் திரும்ப ஏற்றினாலும், எத்தனை முறை எழுதப்பட்டது என்ற கணக்கு பல கார்களின் இசியூவில் அப்படியே நிற்கும். ஆக, கிளட்ச் செலவு என் தலையில். இப்போதைக்குக் கீழ் ஆர்பிஎம்மில் டார்க்கைக் குறைத்த மேப்போடு ஓட்டுகிறேன். அடுத்த வாரம் கிளட்சைப் பிரிக்கிறார்கள்; ஃப்ளைவீல் (கிளட்ச் அழுந்திப் பிடிக்கும் இன்ஜின் சக்கரம்) எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டு எழுதுகிறேன்.