ஹார்மோன் சிகிச்சை: கொஞ்சம் பொறு என்று சொல்லலாமா?

கேள்வி:
தங்கை என்று நாங்கள் வளர்த்தவன் இப்போது என் தம்பி. வயது 22. டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் ஊசி தொடங்கப் போகிறானாம். அவன் ஆண் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை, இந்த அவசரத்தில்தான் சந்தேகம். என்ன சொல்வது?

பதில் 1:
அந்த ஊசி போட்டுக்கொள்கிறவன் நான். பொறு என்பதை விட, எது திரும்பாது என்று அவனோடு உட்கார்ந்து பேசுங்கள். குரல் ஒருமுறை கட்டையானால் ஊசியை நிறுத்தினாலும் பழையபடி ஆகாது. தாடி மீசையும் அப்படித்தான். பின்னால் குழந்தை வேண்டுமென்றால் உதவும்படி கருமுட்டையைச் சேமித்து வைப்பது பற்றி ஊசிக்கு முன்பே கேட்கட்டும். எனக்குக் குரல் உடைந்த சமயம், போனில் அம்மாவே "யாருப்பா பேசறது?" என்றார். எனக்குச் சிரிப்பு, அவருக்கு அழுகை. அப்புறம், ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போட வேண்டாம், இந்த ஊசியால் ரத்தத்தில் சிவப்பணு அளவுக்கு மேல் கூடிவிடலாம்.

பதில் 2:
பெரியவர்கள் எடுக்கும் முடிவு, சரி. சிறுவர்கள் என்றால் நான் தயங்குவேன். பருவமடைதலைத் தள்ளிப்போடும் மருந்துகளுக்கு ஆதாரம் பலவீனம் என்று சிறுவர்களுக்கான பாலின சிகிச்சையை ஆராய்ந்த இங்கிலாந்தின் காஸ் அறிக்கையே 2024இல் சொன்னது.

பதில் 3:
சொன்னது. கூடவே, ஆய்வுக்கு உட்பட்டுக் கொடுக்கலாம் என்றும் சொன்னது. அந்த மருந்து இல்லாமல் காத்திருக்கும்போது உடம்பு சும்மா இருப்பதில்லையே! மார்பு வளரும், குரல் உடையும். அதையும் கணக்கில் எடுங்கள்.

கேள்வி கேட்டவர்:
கருமுட்டை விஷயம் எங்கள் யாருக்கும் தோன்றவே இல்லை. டாக்டரிடம் நானும் கூட வரட்டுமா என்று அவனிடம் கேட்கிறேன்.