பெரம்பூர் வீடு (குடும்பக் குழு)

மீனா அண்ணி: கவினுக்கு நாளை புதன்கிழமை இரண்டாவது ஊசி. கவின் அப்பா பெங்களூரில் இருக்கிறார். யாராவது கூட வர முடியுமா?

விமலா பெரியம்மா: என்ன ஊசி?

மீனா அண்ணி: நாய்க்கடி, பெரிய அத்தை. ஞாயிற்றுக்கிழமை நம் கேட் வாசலில். கெண்டைக்காலில் இரண்டு பல் பதிந்து ரத்தம் வந்துவிட்டது. அன்றே முதல் ஊசி போட்டாயிற்று.

விமலா பெரியம்மா: ஐயோ கண்ணு 😢

சுந்தர் சித்தப்பா: வாசலில் சோறு போட்டு வளர்க்கிறார்களே, அந்த நாயா?

ராஜி அத்தை: நேராக என் பெயரைச் சொல்லுங்கள் அண்ணா.

ராஜி அத்தை: கறுப்பி கடிக்கவில்லை. கருத்தடை ஆன நாய், காதில் வெட்டு இருக்கிறது. கடித்தது கோழிக்கடைப் பழுப்பு நாய்.

தினேஷ்: மாநகராட்சிக்கு, 1913க்குச் சொல்லிவிட்டேன்.

பெரியப்பா: எல்லாரும் கவனமாகப் படிக்கவும். நாய் கடித்தால் உடனே சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் எதுவும் வைக்கக் கூடாது. தோலில் போடும் ஊசிக்கு 0, 3, 7, 28 என்று நாள் கணக்கு. தசையில் போட்டால் 14ஆம் நாளும் உண்டு. முதல் ஊசி போட்ட நாள்தான் 0. ரத்தம் வந்திருந்தால் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்புமருந்தும் போட வேண்டும். ரேபிஸ் அறிகுறி வந்துவிட்டால் காப்பாற்றுவது அநேகமாக முடியாது. மீனா, காயத்தைச் சுற்றிப் போட்டார்களா?

மீனா அண்ணி: போட்டார்கள் மாமா. அதற்குத்தான் அப்படி அழுதான்.

சுந்தர் சித்தப்பா: எல்லா நாயையும் பிடிக்கச் சொல்லி சுப்ரீம் கோர்ட்டே சொல்லிவிட்டது.

ராஜி அத்தை: அது டெல்லிக்கு, 2025 ஆகஸ்ட் 11. அதையும் 22ஆம் தேதியே மாற்றிவிட்டார்கள். கருத்தடை, தடுப்பூசி முடித்துப் பிடித்த இடத்திலேயே விட வேண்டும்.

சுந்தர் சித்தப்பா: வெறி பிடித்ததையும் மூர்க்கமானதையும் விடக் கூடாது. தெருவில் சோறு போடக் கூடாது, தனி இடம் ஒதுக்க வேண்டும். அதுவும் அதே உத்தரவுதான். அதை ஏன் விழுங்குகிறாய்?

விமலா பெரியம்மா: வளைகாப்புக்கு ஐந்து வகை சாதம் போதுமா? சமையல்காரர் இன்றைக்குள் கேட்கிறார்.

தினேஷ்: பெரியம்மா 🙏

பெரியப்பா: கடித்த நாயைப் 10 நாள் கண்காணிக்க வேண்டும். அதற்கு ஏதாவது ஆனால் உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும். நாய் நன்றாக இருந்தாலும் ஊசியை நாமாக நிறுத்தக் கூடாது.

ராஜி அத்தை: பழுப்பை இன்று காலையில் பார்த்தேன். நன்றாகத் தின்கிறது.

சுந்தர் சித்தப்பா: யார் போட்டது?

சுந்தர் சித்தப்பா: பதில் இல்லை. அப்பா உனக்கு எழுதியது கீழ்வீடு. கேட்டை எழுதவில்லை.

ராஜி அத்தை: கேட்டுக்குப் பெயின்ட் அடிக்க யாரும் வரவில்லையே, அன்றைக்கு எங்கே போனீர்கள்?

பெரியப்பா: போதும். தட்டைப் பின்சந்தில் டிரான்ஸ்பார்மர் பக்கம் வை, ராஜி. பிள்ளைகள் விளையாடும் வழியில் வேண்டாம்.

ராஜி அத்தை: பார்க்கலாம். அங்கே மழைத் தண்ணீர் தேங்கும்.

சுந்தர் சித்தப்பா: பார்க்கலாமா?

மீனா அண்ணி: நாளை 8 மணிக்கு யார் வருகிறீர்கள்? அவனை ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். கேட்டைத் தாண்டவே பயப்படுகிறான்.

ராஜி அத்தை: நான் வருகிறேன் மீனா. ஆட்டோ வேண்டாம், வண்டி இருக்கிறது.

சுந்தர் சித்தப்பா: வண்டியில் மூன்று பேரா? நான் கார் எடுக்கிறேன்.

தினேஷ்: 7ஆம் நாள் ஊசி வருகிற ஞாயிற்றுக்கிழமை. வளைகாப்பு அன்றைக்குத்தானே?

விமலா பெரியம்மா: நல்ல நேரம் 9 மணிக்கு ஆரம்பம். மீனாதான் முதல் வளையல் போட வேண்டும்.

மீனா அண்ணி: ஊசி முடித்துத்தான் வருவேன்.

விமலா பெரியம்மா: சரி, ஐயரிடம் கேட்கிறேன். சாதம் ஐந்தா ஏழா?