மாவு மில்லில் சுங்கமா? வெள்ளிக்குள் ஒரு சொல் வேண்டும்

பாஸ்டன், திங்கள்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வார இறுதித் தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகளை இந்த ஞாயிறு டெடாம் ஊருக்குக் கூட்டிப்போகிறோம். இங்கிலாந்திலிருந்து வந்தவர்கள் 1636-இல் உண்டாக்கிய உழவர் ஊர் அது. 1639-இல் சார்லஸ் ஆற்றிலிருந்து நெபான்செட் ஆற்றுப் பக்கம் வாய்க்கால் வெட்ட முடிவெடுத்து, அந்தத் தண்ணீரில் மாவு ஆலை ஓட்டினார்கள். மதர் புரூக் என்ற பெயரில் வாய்க்கால் இன்றும் ஓடுகிறது.

பிள்ளைகளுக்காக நான்கு பக்கத்தில் ஒரு துண்டறிக்கை எழுதுகிறேன். கொல்லர், தச்சர், தோல் பதனிடுபவர் எல்லாரும் சிக்கலில்லாமல் வந்துவிட்டார்கள். ஆலைக்காரரிடம்தான் மாட்டிக்கொண்டேன். அவர் அரைத்துக் கொடுக்கக் காசு வாங்கவில்லை, கொண்டுவந்த தானியத்திலேயே ஒரு பங்கை எடுத்துக்கொண்டார். 16-இல் 1 பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது என்று மாசசூசெட்ஸ் சட்டம் இருந்தது. இந்தப் பங்குக்கு ஆங்கிலத்தில் 'டோல்'. உதவிக்கு வந்த பெற்றோர் ஒருவர் அகராதியைப் பார்த்துச் 'சுங்கம்' என்று போட்டுவிட்டார். என் மகள் படித்துவிட்டு, "மூட்டையில் ஈசி பாஸ் ஒட்டியிருப்பார்களா அம்மா?" என்கிறாள். இங்கே சாலைச் சுங்கம் கட்டக் காரில் ஒட்டும் கருவி அது. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும்.

ஈரோடு, திங்கள் இரவு

இதில் யோசிக்க என்னங்க இருக்கிறது? அரவைக் கூலி. எங்கள் அப்பா ஹல்லர் மில் வைத்திருந்தார். நெல்லை விலைக்கு வாங்கி அரைத்து விற்பவர் வேறு, ஊரார் கொண்டுவரும் நெல்லைக் கூலிக்கு அரைத்துத் தருபவர் வேறு. உங்கள் ஆள் இரண்டாவது வகை. ஆலைக்கும் புதுப்பெயர் தேட வேண்டாம், 'கூலி அரவை மில்' என்றே எழுதுங்கள். எங்கள் மில்லில் தவிடு எங்களுக்கு, அதனால் கூலியில் கொஞ்சம் குறைத்துக்கொள்வோம். செக்கிலும் பிண்ணாக்கை விட்டுவிட்டு எண்ணெயோடு போகிறவர்கள் உண்டு. ஆகவே பொருளாகக் கொடுத்தாலும் கூலி கூலிதான்.

மதுரை, செவ்வாய்

மில், ஹல்லர்! கலைச்சொல் குழுவிலேயே இப்படியா? தண்ணீரில் ஓடினால் 'நீராலை'. அடுத்து, 'அரவை' பிழை. வினை 'அரை', ஆகவே 'அரைவை'. ஐகாரக் குறுக்கம் என்று யாரும் கிளம்ப வேண்டாம். அதில் மாத்திரைதான் குறையும், எழுத்து மாறாது.

'கூலி' மட்டும் எனக்குச் சம்மதம், ஏனென்றால் அது கூலத்திலிருந்து பிறந்த சொல். கூலம் என்றால் தானியம், கூலவாணிகன் சாத்தனாரை மறந்துவிட்டோமா? தானியமாகக் கொடுத்ததால்தான் கூலி. சம்பாவும் அளமும், அதாவது நெல்லும் உப்பும், கொடுத்ததால் சம்பளம். எனவே 'தானியமாக' என்று விளக்கம் சேர்ப்பதுகூட மிகை.

ஈரோடு, செவ்வாய்

> எனவே 'தானியமாக' என்று விளக்கம் சேர்ப்பதுகூட மிகை.

ஐயா, சாத்தனார் காலத்துப் பிள்ளைகளுக்குச் சரி. பாஸ்டன் பிள்ளைக்குக் கூலி என்றால் டாலர்தான். சம்பளத்தைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை, போன வருஷம் அதற்கே அறுபது மடல் ஆயிற்று. சம்பலம் என்ற வடசொல்லை ஒருவர் எடுத்துப்போட, இருவர் குழுவை விட்டே போனார்கள்.

பாஸ்டன், செவ்வாய்

நீராலை அழகான சொல், ஆனால் பொதுப்பெயராக நிற்காது. நியூடவுன் (இன்றைய கேம்பிரிட்ஜ்) பக்கம் இருந்த காற்றாலையை 1632-இல் பாஸ்டனுக்குப் பெயர்த்துக் கொண்டுவந்தார்கள். பழைய இடத்தில் மேல்காற்று அடித்தால்தான் அது அரைக்குமாம். அங்கேயும் இதே பங்குக் கணக்குதான். சக்கரத்தைத் தண்ணீர் சுற்றினாலும் காற்று சுற்றினாலும் எனக்கு வேண்டியது பங்குக்கு ஒரு பெயர்.

செங்கல்பட்டு, புதன்

நம்மிடம் உள்ள சொல்லை விட்டுவிட்டு ஏன் அலைகிறோம்? மேரை. 1767 முதல் 1774 வரை கிழக்கிந்தியக் கும்பினிக்காகத் தாமஸ் பார்னார்டு எங்கள் சீமையில் ஊர் ஊராகக் கணக்கெடுத்தாரே, அதைப் பாருங்கள். கொல்லர், தச்சர், வண்ணார், நாவிதர் என்று ஊருக்கு வேலை செய்தவர்களுக்கெல்லாம் களத்து நெல்லில் பங்கு உண்டு. அந்தப் பங்குகளுக்குச் சுதந்திரம் என்றும் மேரை என்றும் பெயர். இதுவும் கும்பினிக் காலத்துத் தொடக்கம், உழவர் ஊர், தானியத்தில் ஊதியம். இதைவிடப் பொருத்தம் என்ன வேண்டும்?

யாழ்ப்பாணம், புதன்

மேரை நல்ல சொல்தான் ஐயா, ஆனால் இங்கே பொருந்தாது. மேரை பொதுக் குவியலிலிருந்து அளந்து கொடுப்பது. அன்றைக்கு யாருக்கு எந்த வேலை செய்தார் என்ற கணக்கு அதில் இல்லை, பிறப்பால் வந்த உரிமையும் கட்டும் சேர்ந்தே இருக்கும். டெடாமில் மூட்டைக்கு மூட்டை கணக்கு. போகும்போதும் வரும்போதும் நிறுத்துக் காட்டும்படி யாரும் கேட்கலாம், அதற்கான தராசும் படிக்கல்லும் ஆலைக்காரர் தன் செலவில் வைத்திருக்க வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது. 'இவன் கூட அள்ளுவான்' என்ற சந்தேகத்திலேயே எழுதிய சட்டம் அது. அங்கே போய் மேரை என்றால், பிள்ளைகள் இல்லாத ஊர்க்கட்டு ஒன்றை இருந்ததாக நினைப்பார்கள்.

காசைவிடத் தானியம் ஏன் என்பதையும் தங்கச்சி ஒரு வரி எழுதலாம். நாணயத் தட்டுப்பாடு. பணமோ பீவர் என்ற விலங்கின் தோலோ என்று முன்கூட்டியே பேசியிருந்தாலொழியக் கடனுக்குத் தானியத்தை ஏற்க வேண்டும் என்று 1631-லேயே உத்தரவு போட்டார்கள். நான் 'அரவைப் பங்கு' என்பேன்.

மதுரை, வியாழன்

பங்கு என்றால் கூட்டு வணிகத்தில் ஒருவருக்குள்ள உரிமை அல்லவா? மூட்டைக்காரர் ஆலையில் பங்குதாரர் ஆகிவிடுவார். மேலும் அது 'அரைவை'.

பாஸ்டன், வியாழன் இரவு

எல்லாருக்கும் நன்றி. முதல் முறை 'தானியமாக எடுத்த அரவைக் கூலி', அப்புறம் வெறும் 'அரவைக் கூலி' என்று எழுதி அனுப்பிவிட்டேன். பக்கத்திலேயே ஒரு படம்: 16 படி தானியம், ஒரு படி தனியே. ஆலை ஆலையாகவே இருக்கிறது, மில் இல்லை, நீரும் இல்லை. மரப்பீப்பாய் செய்கிறவரைப் 'பீப்பாய்த் தச்சர்' என்று போட்டுவிட்டேன். பீப்பாயே போர்த்துக்கீசியச் சொல் என்று இன்றிரவு யாரும் எழுத வேண்டாம்.

செங்கல்பட்டு, வெள்ளி

அச்சுக்குப் போய்விட்டதால் விட்டுவிடுகிறேன். ஆனால் மேரையில் ஊர்க்கட்டு ஒட்டியிருக்கிறது என்றால், கூலியில் மட்டும் ஒன்றும் ஒட்டியிருக்கவில்லையா? தோட்டங்களுக்குக் கப்பலேறிப் போனவர்களை எந்தச் சொல்லால் கூப்பிட்டார்கள் என்று யாழ்ப்பாணத்து அம்மா சொல்லட்டும். இரண்டாம் பதிப்பு வரும்போது மறுபடி எழுதுவேன்.

மதுரை, வெள்ளி

தச்சரா, தச்சனா?