செல்டம், ரேர்லி, ஹார்ட்லி எவர்: எதை எங்கே போடுவது?

நண்பர்களே, ஒரு உதவி. அடிக்கடி நடக்காத ஒன்றை ஆங்கிலத்தில் எழுதும்போது எனக்குக் கை நின்றுவிடுகிறது.

தமிழில் 'எப்போதாவது வருவார்' என்றால் வருகிறார் என்ற பக்கம் சாய்கிறது. ஒரு 'தான்' சேர்த்து 'எப்போதாவதுதான் வருவார்' என்றால் வராத பக்கம் சாய்ந்துவிடுகிறது. என்ன அழகு! முதலாவதற்கு அக்கேஷனலி, இரண்டாவதற்கு ரேர்லி என்று வைத்திருக்கிறேன். சரிதானா?

செல்டமும் ரேர்லியும் ஒரே பொருள்தான், செல்டம் கொஞ்சம் ஏட்டுநடை என்று புரிகிறது. அலுவலக மின்னஞ்சலில் அதை எழுதினால் செயற்கையாகத் தெரியுமா?

ஹார்ட்லி எவர் என்பதிலேயே 'இல்லை' ஒளிந்திருப்பதால் கூடவே நாட் போடக்கூடாது என்பது தெரியும். ஆனாலும் 'வருவதே இல்லை எனலாம்' என்று தமிழில் நினைத்து எழுதும்போது நாட் தானாக வந்து விழுகிறது. இதிலிருந்து மீண்டவர்கள் எப்படிப் பழகினீர்கள்?

இன்னொன்று. 'அத்தி பூத்தாற்போல' என்பதற்கு ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன் பொருந்துகிறது. அதைப் பேச்சில் மட்டும்தான் வைத்துக்கொள்ள வேண்டுமா, கட்டுரையிலும் எழுதலாமா?

உதாரண வாக்கியத்தோடு சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.