மாமனாரின் படைவீரர் பென்ஷனில் வீட்டுப் பராமரிப்புச் செலவு கிடைக்குமா?

கேள்வி: என் மாமனார் அமெரிக்கர், வியட்நாம் போருக்குப் போனவர். 78 வயது. சட்டைப் பொத்தான் போடக்கூட ஆள் வேண்டும். பகலில் வரும் பெண்ணின் சம்பளமே அவர் வருமானத்தை விழுங்குகிறது. அன்றாட வேலைக்கு ஆள் துணை வேண்டியவர்களுக்குப் பென்ஷனோடு சேர்த்துத் தரும் ‘எய்ட் அண்ட் அட்டெண்டன்ஸ்’ தொகையைக் கேட்கலாமா? வருமானம் அதிகம் என்று ஒருவர் பயமுறுத்துகிறார்.

பதில் 1: கைக்காசில் கொடுக்கும் பராமரிப்புச் செலவைக் கழித்துத்தான் வருமானத்தைப் பார்ப்பார்கள். ரசீதுகளைச் சேர்த்து வையுங்கள். எங்கள் டாக்டர், உதவி தேவை என்று சான்று சொல்லும் 21-2680 படிவத்தில் வெறுமனே ‘முதுமை’ என்று எழுதி, எல்லாம் இழுத்தடித்தது. குளிக்க, உடுத்த, சாப்பிட என்ன உதவி வேண்டும் என்று விவரமாக எழுதச் சொல்லுங்கள்.

பதில் 2: முதலில் ‘இன்டென்ட் டு ஃபைல்’, அதாவது விண்ணப்பிக்கப் போகிறோம் என்ற முன்னறிவிப்பு, கொடுங்கள். ஒரு வருடத்துக்குள் விண்ணப்பித்தால், பணம் தர அந்த முன்னறிவிப்புத் தேதியே கணக்கு. அப்புறம், சொத்தைப் பிள்ளைகள் பெயருக்கு மாற்றிவிடாதீர்கள். 3 வருடம் பின்னோக்கித் தோண்டுவார்கள்.

கேட்டவர்: சரி, ரசீதெல்லாம் ஷூ டப்பாவில் இருக்கிறது. படையிலிருந்து விடுவித்தபோது கொடுத்த டிடி 214 சான்றிதழைத்தான் பரணில் தேடுகிறேன்.