பாதி ஷீட் காணாம போன டேட்டாவ வச்சு காயக் கணக்கு போடணும், ஹெல்ப் பண்ணுங்க

வணக்கம் அண்ணன்மாரே அக்காமாரே. சிங்கப்பூர் உட்லண்ட்ஸ்ல ஞாயித்துக்கிழமை ஃபுட்பால் ஆடுற நம்ம பசங்களுக்கு நான்தான் காயக் கணக்கு எழுதுறேன், 1000 மணி நேர ஆட்டத்துக்கு எத்தனை காயம்னு சொல்லணும், ஆனா டேட்டா அரைகுறை.

பிசியோ நோட்டுல 18 காயம், வாட்ஸ்அப்ல பசங்க சொன்னது 15, ரெண்டுலயும் இருக்கறது 9, ஆக தெரிஞ்சது 24. கேப்ச்சர் ரீகேப்ச்சர் முறைப்படி (ரெண்டு லிஸ்ட்டுலயும் எத்தனை பொதுவா இருக்குனு பாத்து, விட்டுப்போனதையும் சேர்த்து மொத்தத்த கணிக்கிறது) 18-ஐ 15-ஆல பெருக்கி 9-ஆல வகுத்தா 30 வருது, சின்ன நம்பருக்கான சாப்மன் திருத்தம் போட்டா 29.4. ஆனா அதுக்கு ரெண்டு லிஸ்ட்டும் ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமில்லாம இருக்கணுமே, முட்டி போனவன் ரெண்டு எடத்துலயும் சொல்லுவான், லேசா சுளுக்குனவன் எங்கயும் வாயத் தொறக்க மாட்டான், அதனால நெஜம் 30-க்கு மேலதான்னு எனக்குப் படுது. சின்ன காயம் பெரிய காயம்னு பிரிச்சா இவ்ளோ கம்மி நம்பர் தாங்குமா?

இதவிட பெரிய தலைவலி வருகைப் பதிவு. நவம்பர்லேந்து ஜனவரி வரைக்கும் ஷீட்டே இல்ல. மழைக்காலம், மின்னல் வார்னிங் வந்து பல நாள் திடல்ல எறங்கவே இல்ல, மத்த மாச சராசரிய போட்டு ரொப்பினா மணி நேரம் கூடிப்போயி காய விகிதம் கம்மியா தெரியும். மழை நாளையும் சேர்த்து மல்டிபிள் இம்ப்யூட்டேஷன் (இல்லாத நம்பர பல தடவ கணிச்சு ரொப்புறது) பண்ணி, பாய்சான் மாடல்ல (எண்ணிக்கைக்கான மாடல்) மணி நேரத்தோட லாக்-ஐ (log) ஆஃப்செட்டா, அதாவது ஆடுன நேரத்துக்கு ஏத்தபடி காயத்த கணக்கு பண்ற மாதிரி, வைக்கலாம்னு இருக்கேன், சரியா? சில பேருக்கு திரும்பத் திரும்ப அடிபடுது, எண்ணிக்கை ஆளுக்கு ஆள் ரொம்ப மாறினா போடுற நெகட்டிவ் பைனோமியல் மாடலுக்குத்தான் போகணுமா?

போன மாசம் ஒரு தம்பி வலிய மறைச்சு ஆடி இப்ப நடக்கவே கஷ்டப்படுறான். யாராச்சும் ஒரு அரை மணி நேரம் ஒதுக்கி பாத்து சொல்லுங்க, ப்ளீஸ்.